ராயக்கோட்டை மேட்டில் 2 கன மீட்டர் கோபர் கேஸ்: பாறை நிலம், மார்கழிக் குளிர், மாங்காய்த் தோல். எப்படிக் கட்டுவது?

மேட்டுக்காடு (கேள்வி)

வணக்கம். தோட்டம் ராயக்கோட்டை – கெலமங்கலம் ரோட்டுப் பக்கம். கட்டுத்தறியிலேயே நிற்கும் ஜெர்சி கலப்பு 3, பகலில் மேய்ச்சலுக்குப் போகும் நாட்டு மாடு 2, கன்று 1. வீட்டில் 5 பேர். சமையல் இப்போது பாதி விறகு, பாதி சிலிண்டர். சாண எரிவாயு கலன் போடலாம் என்று யோசனை. கேட்க வேண்டியவை:

1. 2 கன மீட்டர் போதுமா, 3 போடணுமா? கட்டுபவர் "தர்மபுரி, அரூர் பக்கம் போடுகிற அளவே போதும்" என்கிறார்.
2. நாலடி தோண்டினால் பாறை. தீனபந்து மாடம் (மண்ணுக்குள் புதைத்துக் கட்டும் செங்கல் மாடக் கலன்) கட்ட முடியுமா?
3. மார்கழி, தையில் கேஸே வராது என்கிறார்களே?
4. சீசனில் காவேரிப்பட்டணம் பக்கத்துக் கூழ் ஆலையிலிருந்து மாங்காய்த் தோல் டிராக்டரில் கிடைக்கும். அதைப் போட்டால் கேஸ் கூடுமா?
5. இதனால் சுற்றுச்சூழலுக்கு நிஜமாகவே நன்மையா, இல்லை பேச்சுக்குத்தானா?

சாணிக்கணக்கு

முதலில் கூடையில் சேரும் சாணியை நிறுத்துப் பாருங்க. மாட்டை எண்ணி அளவு சொல்வதுதான் பாதிக் கலன்கள் பட்டினி கிடக்கக் காரணம். கட்டுத்தறி ஜெர்சி ஒன்றுக்கு 12 கிலோ வைத்தால் 36. மேயப் போகும் மாட்டின் பகல் சாணி காட்டோடு போச்சு. ராத்திரிச் சாணி ஆளுக்கு 4 கிலோ என்றால் 8. கன்று 3, 4. சிந்தியது, மண்ணோடு ஒட்டியது போக கைக்கு 45 கிலோ வரும்.

ஒரு கிலோ பச்சைச் சாணிக்குச் சுமார் 40 லிட்டர் வாயு. ஆக 45 கிலோவுக்கு 1.8 கன மீட்டர். சமையலுக்கு ஆளுக்கு நாளொன்றுக்கு கால் கன மீட்டருக்குக் கொஞ்சம் மேலே பிடிக்கும். 5 பேருக்கு 1.25லிருந்து 1.5. கோடையில் தாராளம், குளிரில் இழுபறி. ஒரு கன மீட்டர் ஏறக்குறைய 0.43 கிலோ எல்பிஜிக்குச் சமம். நல்ல மாதத்தில் ஒன்றரை சிலிண்டர் மிச்சம் என்று வைத்துக்கொள்ளுங்க. "மாசம் மூணு சிலிண்டர்" என்று யாராவது சொன்னால் சாணி எங்கிருந்து வரும் என்று கேளுங்க.

தண்ணீர் சாணிக்குச் சரி எடை, தினம் 45 லிட்டர். ஆற விட்ட கேழ்வரகுக் கூழ் பதம் வந்தால் சரி. இறுகினால் நுழைவுக் குழாய் அடைக்கும். நீர்த்துப்போனால் நார் மேலே மிதந்து ஏடு கட்டும், மண் அடியில் தங்கும், நடுவில் வெறும் தண்ணீர்தான் இருக்கும். ஒகேனக்கல் கூட்டுக்குடிநீரைப் பிடித்துக் கலக்காதீங்க. அதில் குளோரின் இருக்கும், குடிக்கிற தண்ணீரும் வீண். தொழுவம் கழுவும் தண்ணீரே போதும், ஆனால் ஃபினாயில், சோப்பு கலந்தது கூடாது. கோமியம் கொஞ்சம் கலந்தால் தப்பில்லை. தண்ணீருக்குப் பதில் முழுக்கக் கோமியமே ஊற்றினால் அம்மோனியா ஏறி, சாணியை வாயுவாக்கும் நுண்ணுயிர் மந்தமாகும். மடிநோய்க்கு ஆன்டிபயாடிக் போட்ட மாட்டின் சாணியைச் சிகிச்சை முடிந்து ஒரு வாரம் வரை தனியே எருக்குழியில் போடுங்க.

நம்ம பக்கச் செம்மண் தொழுவத்தில் சாணியை வழித்து அள்ளினால் மண்ணும் சேர்ந்தே வரும். கலக்கும் தொட்டியின் அடி, குழாய் வாயை விட நான்கு விரல் தாழ்வாக இருக்கட்டும். கரைத்து ஐந்து நிமிடம் விட்டுத் திறந்தால் மண் தொட்டியிலேயே நிற்கும்.

தளி_ரோடு

மேலே சொன்ன கணக்கு சரி. ஆனால் "2 கன மீட்டர்" என்பது தினமும் வரும் கேஸின் அளவு, குழியின் அளவு அல்ல. கட்டுபவர் எத்தனை நாள் தேக்கத்துக்கு (ஊற்றிய கரைசல் குழிக்குள் தங்கும் நாள்) வரைபடம் வைத்திருக்கிறார் என்று கேளுங்க. சமவெளித் தமிழ்நாட்டுக்கு 30 நாள் வரைபடமே புழக்கத்தில் உண்டு. உங்கள் கரைசல் தினம் 90 லிட்டர். 30 நாளுக்கு 2.7 கன மீட்டர் கொள்ளளவு, 40 நாளுக்கு 3.6. தர்மபுரி, அரூர் வெயிலுக்கு முதலாவது ஓடும். ஓசூர், தேன்கனிக்கோட்டை மேடு கிட்டத்தட்ட 900 மீட்டர் உயரம், தர்மபுரி அதில் ஏறக்குறைய பாதிதான். உங்கள் இடத்துக்கு 40 நாளுக்குக் குறைத்துக் கட்ட வேண்டாம். நான் கேட்டால் 3 கன மீட்டர் என்று பெயர் போட்ட 30 நாள் குழியை விட, 2 கன மீட்டர் என்று பெயர் போட்ட 40 நாள் குழியையே எடுப்பேன். பெயருக்குப் பெரிசாக இருக்கும் கலனுக்கு மானியம் கூட வரலாம், சாணி கூட வராது.

குளிர் பற்றி: இந்த நுண்ணுயிர்களுக்குப் பிடித்தது 35 டிகிரி. கரைசல் 20க்குக் கீழே போனால் வேகம் பாதிக்கு மேல் குறையும், 10ஐ நெருங்கினால் ஏறக்குறைய நின்றுவிடும். நம்ம பக்கம் காற்று ராத்திரியில் குளிர்ந்தாலும் மண்ணுக்குள் அவ்வளவு இறங்காது. அதனால் "வரவே வராது" என்பது மிகை, "பாதி வரும்" என்பது உண்மை. செய்யக்கூடியது: காலையில் கரைக்காமல், வெயில் பட்டுச் சூடான தண்ணீரில் மதியம் இரண்டு மணிக்குக் கரைத்து ஊற்றுங்க. கறுப்புப் பெயின்ட் அடித்த டிரம்மில் தண்ணீரை வெயிலில் வைத்தால் போதும். மாடத்தின் மேல் ஒரு முழம் உயரத்துக்கு வைக்கோலோ கரும்புச் சோகையோ பரப்பி மேலே தார்ப்பாய் போடுங்க. கலனை மர நிழலில் கட்டவே கூடாது. குளிரில் கேஸ் குறைகிறதே என்று சாணியைக் கூட்டாதீங்க. கரையாமல் தேங்கி, மாசியில் வெயில் ஏறியதும் மொத்தமாகப் புளிக்கும்.

கொத்து_வேலை

பாறைக்கு. தீனபந்து மாடத்துக்கு உள்ளேயிருந்து கேஸ் அழுத்தும், அதை மேலேயும் பக்கத்திலேயும் கொட்டிய மண்ணின் கனம்தான் தாங்குகிறது. நாலடி மட்டும் இறக்கி மீதி மாடத்தை வெளியே நிற்க விட்டால் முதல் வருடமே விரியும். பாறைக்கு வெடி வைக்கவும் வேண்டாம்; அனுமதி, செலவு, பக்கத்துக் கிணற்றுச் சுவர் என்று அது வேறு தலைவலி. தோட்டத்தில் சரிவு இருந்தால் சரிவை வெட்டி உள்ளே நுழைத்து, எதிர்ப்பக்கம் மண்ணணை போட்டு இறுகத் திமிசு அடிக்கலாம். சரிவு இல்லையென்றால் மிதக்கும் டிரம் வகைக்குப் போங்க, அதில் கரைசல் மேல் கவிழ்த்த டிரம்மில் கேஸ் சேரும். நாலடி குழி, மேலே செங்கல் வளையம், சுற்றி மண் அணைப்பு. இரும்பு டிரம் ஹைட்ரஜன் சல்ஃபைடில் அரிக்கும், வருடா வருடம் பெயின்ட் கேட்கும்; ஃபைபர் டிரம் விலை கூட, தொல்லை குறைவு. பலூன் பை மலிவு, வெயிலில் சீக்கிரம் சூடாகும். ஆனால் எலி, முள், ஆட்டுக் குளம்பு என்று எதிரி நிறைய, அழுத்தமும் குறைவு. வேலி போட முடியாதவர்களுக்கு அது வேண்டாம்.

மாடமே கட்டினால் உள்பூச்சுதான் உயிர். ஒரே நாளில் பூசி முடிக்கிற கொத்தனாரை அனுப்பிவிடுங்க. பூச்சுக்கு மேல் பூச்சு, பத்து நாளாவது தண்ணீர் காட்டி ஆற விட்டு, கடைசியில் எபாக்ஸி பெயின்ட். சாணி ஊற்றும் முன் தண்ணீர் நிரப்பிச் சோதிக்கணும்.

பைப்_பிட்டர்

குழாயைப் பற்றி யாரும் சொல்லவில்லை. "கேஸ் இருக்கு, அடுப்பு எரியலை" என்ற புகாரில் பெரும்பாலானது இங்கேதான். கேஸ் ஈரத்தோடு வரும். குழாயில் குளிர்ந்து தண்ணீராகும். தாழ்வான ஒரு இடத்தில் தேங்கினால் அடைப்பு. நூறடிக்கு ஓரடி வாட்டம் கொடுத்து, ஆகத் தாழ்ந்த புள்ளியில் தண்ணீர் வடிக்கும் வால்வு வைக்கணும். அடுப்பு 10 மீட்டருக்குள் என்றால் முக்கால் அங்குலம், அதற்கு மேல் ஒரு அங்குலம். வெளியே ஓடும் இடத்தில் பிவிசி வேண்டாம், வெயிலில் நொறுங்கும்.

சிலிண்டர் அடுப்பை அப்படியே மாட்ட முடியாது. ரெகுலேட்டர் கொடுப்பது 30 செ.மீ. தண்ணீர் அழுத்தம், மிதக்கும் டிரம் கொடுப்பது 10 செ.மீ. அளவு. ஒரு கன மீட்டர் சாண வாயுவில் உள்ள வெப்பமும் எல்பிஜியில் கால் பங்கு கூட வராது. அதனால் ஜெட் துளை இரண்டு மில்லிமீட்டருக்கு மேல் உள்ள கோபர் கேஸ் அடுப்பே வாங்குங்க. சாதாரண பர்னர் மணிக்கு 450 லிட்டர் குடிக்கும், உங்கள் 1.8 கன மீட்டர் ஒரு பர்னரில் நான்கு மணி நேரம். சுடர் நீலமாக, சத்தமில்லாமல் நிற்கணும். மஞ்சள் என்றால் காற்றுத் துளையைத் திறங்க, பர்னரை விட்டு எம்பினால் மூடுங்க. தொடங்கி முதலில் சேரும் வாயுவில் காற்று கலந்திருக்கும், அதைப் பற்ற வைக்காமல் வெளியே விடணும். பழைய கலனிலிருந்து நான்கைந்து குடம் ஸ்லரி (கலனிலிருந்து வெளிவரும் சாணிக் கரைசல்) கொண்டுவந்து ஊற்றினால் சீக்கிரம் பிடிக்கும்.

மீத்தேன்

5ஆம் கேள்விக்கு வருகிறேன். நன்மைதான், கசியாத வரைக்கும். சாண வாயுவில் எரியும் பகுதி மீத்தேன்தான். காய்ந்த எருமுட்டில் அது அதிகம் உண்டாவதில்லை. காற்றுப் புகாத குழியில் நாமேதான் அதை வேண்டுமென்றே உண்டாக்குகிறோம். எரித்தால் கரியமில வாயு. அது புல்லிலிருந்து வந்தது, திரும்பப் புல்லுக்கே போகும். எரிக்காமல் விட்டால் கதை வேறு.

கணக்கு இதோ. ஒரு கன மீட்டரில் 60 விழுக்காடு மீத்தேன் என்றால் எடை ஏறக்குறைய 0.4 கிலோ. நூறு வருடக் கணக்கில் மீத்தேன் கரியமில வாயுவை விட 27 மடங்கு பூமியைச் சூடாக்கும். ஆக கிட்டத்தட்ட 11 கிலோ கரியமில வாயுவுக்குச் சமம். அதே ஒரு கன மீட்டரை அடுப்பில் எரித்து மிச்சப்படுத்தும் 0.43 கிலோ எல்பிஜியின் உமிழ்வு 1.3 கிலோ. எட்டு கன மீட்டர் எரித்துச் சேர்த்த நன்மையை, கசியும் ஒரு கன மீட்டர் தின்றுவிடும். விறகைக் குறைப்பதில் வேறு லாபம் உண்டு: புகை அடுப்பங்கரையை விட்டுப் போகும், காட்டில் வெட்டும் சுள்ளி குறையும். ஆனால் ஊருக்குப் போகும்போது வால்வைத் திறந்து விட்டுப் போவது, கோடையில் மிஞ்சியதை வெளியே விடுவது, இரண்டும் கூடாது. மிஞ்சினால் மாட்டுத் தீவனம் வேக வைங்க, அதற்கும் மிஞ்சினால் சாணியைக் குறைங்க.

கசிவு பார்க்க ஒரு ஒளி ஊடுருவும் டியூபை யு வடிவில் வளைத்துத் தண்ணீர் ஊற்றி அடுப்பு லைனில் மாட்டுங்க. ராத்திரி வால்வை எல்லாம் மூடி மட்டத்தைக் குறித்து வைத்தால், காலையில் மட்டம் இறங்கியிருக்கக் கூடாது. இறங்கினால் மூட்டுகளில் சோப்பு நுரை. தேக்க நாள் குறைவான குழியில் கரையாத சாணி வெளித்தொட்டிக்கு வந்து அங்கே மீத்தேன் விடும். 40 நாள் என்று தளி ரோடு சொன்னதற்கு இதுவும் ஒரு காரணம்.

மாங்காய்த் தோல்: கூடும், ஆனால் ஆபத்து. தோலில் சர்க்கரை, புளிப்பு இரண்டும் அதிகம். அமிலம் உண்டாக்கும் நுண்ணுயிர் வேகமாக வளரும், மீத்தேன் உண்டாக்குவது மெதுவாகத்தான் வளரும். டிராக்டர் லோடைக் கொட்டினால் மூன்று நாள் கேஸ் பொங்கும், அது பெரும்பாலும் கரியமில வாயு, எரியாது. பிறகு நின்றுவிடும். சாணி எடையில் பத்தில் ஒரு பங்கு, அதாவது தினம் 4 கிலோ, அதுவும் அரைத்து, முதல் வாரம் ஒரு கிலோவில் தொடங்கி. கொட்டை கூடவே கூடாது. பி.ஹெச் தாளில் பி.ஹெச் (புளிப்பு அளவு, குறையக் குறையப் புளிப்பு அதிகம்) 6.5க்குக் கீழே வந்தால் ஊற்றுவதை ஒரு வாரம் நிறுத்துங்க, சுண்ணாம்புத் தெளிவை நாளுக்குக் கொஞ்சமாக 7 வரும் வரை விடுங்க. மொத்தமாகக் கொட்டினால் கரியமில வாயுவைச் சுண்ணாம்பு இழுத்துக்கொண்டு உள்ளே அழுத்தம் திடீரென்று விழும்.

மேட்டுக்காடு

நன்றிங்க. சரிவு இருக்கு, கொத்து வேலை அண்ணன் சொன்னபடி பார்க்கிறேன். ஸ்லரியைத் தக்காளிக்குச் சொட்டுநீரில் விடலாமா?

சாணிக்கணக்கு

சொட்டுநீரில் வேண்டாம். வடிகட்டினாலும் நுண்ணிய நார் டிரிப்பரை அடைக்கும். ஊற்றுகிற அளவுக்கு ஏறக்குறைய வெளியேயும் வரும், தினம் 90 லிட்டருக்குக் கொஞ்சம் குறைவாக. வாய்க்கால் பாசனம் இருந்தால் தண்ணீரோடு கலந்து விடுங்க. இல்லையென்றால் இரண்டு குழி வெட்டி, சருகு ஒரு அடுக்கு ஸ்லரி ஒரு அடுக்காகப் போட்டு மூடுங்க. வெட்டவெளியில் காய வைத்தால் தழைச்சத்து அம்மோனியாவாகப் பறந்துவிடும். குழி போர்வெல்லிலிருந்து 15 மீட்டர் தள்ளி.

கொத்து_வேலை

ஒன்று விட்டுப்போச்சு. எப்போதாவது அடி மண்ணை வாரக் கலனைத் திறந்தால், யாரும் உள்ளே இறங்கக் கூடாது. உள்ளே மூச்சுக்கு ஆக்சிஜன் இருக்காது, ஹைட்ரஜன் சல்ஃபைடு கூடினால் மூக்குக்கு வாசனையே தெரியாது. ஒருவர் மயங்கினால் தூக்க இறங்குபவரும் விழுவார். மட் பம்ப் போட்டு மேலேயிருந்தே உறிஞ்சி எடுங்க. பக்கத்தில் பீடி, தீப்பெட்டி வேண்டாம்.