1978 ஸ்ட்ராட்டோகாஸ்டர்: பிரிட்ஜ் பிக்கப் செத்துவிட்டது, மொத்தமாக ஒயரிங்கை மாற்றிவிடலாமா?

தாளக்கட்டு

கிட்டார் ஃபெண்டர் ஸ்ட்ராட்டோகாஸ்டர். தலையில் ஒட்டியிருக்கும் எண் எஸ்8 என்று தொடங்கி ஐந்து இலக்கத்தில் முடிகிறது. மூன்று போல்ட்டில் பூட்டிய நெக் (கழுத்து), ரோஸ்வுட் ஃபிரெட்போர்டு, சன்பர்ஸ்ட் நிறம். விற்றவர் “உள்ளே யாரும் கை வைத்ததில்லை” என்று சொல்லித்தான் கொடுத்தார். கோளாறுகள் இவை:

1. பிரிட்ஜ் பிக்கப்பில், அதாவது தந்திகள் ஊன்றும் பிரிட்ஜுக்குப் பக்கத்தில் அதிர்வை மின்சாரமாக்கும் காந்தச் சுருளில், சத்தம் மிகக் குறைவு. தொலைபேசியில் கேட்பதுபோல் ஒல்லியாக, கீச்சென்று வருகிறது.
2. வால்யூமைத் திருகினால் கரகரப்பு.
3. இரைச்சல் அதிகம். தந்தியைத் தொட்டாலும் குறையவில்லை.
4. மெல்லிய ஈ (E) தந்தி கடைசி ஃபிரெட்களில் (நெக்கின் உலோகக் குறுக்குக் கம்பிகளில்) விளிம்பைவிட்டு நழுவுகிறது.

இன்னொரு சந்தேகம்: பழைய ஸ்ட்ராட்களில் பிக்கப்பைத் தேர்ந்தெடுக்க மூன்று நிலை ஸ்விட்ச் என்று படித்தேன், இதில் ஐந்து நிலை இருக்கிறது. மாற்றியிருப்பார்களோ? புது பிக்கப், பாட் (வால்யூம், டோன் திருகிகளுக்குள் உள்ள மாறு மின்தடை), ஸ்விட்ச் எல்லாம் சேர்ந்த ரெடிமேட் பிக்கார்டு (உடம்பின் முன்பக்கத் தகடு) ஒன்றை வாங்கிப் பூட்டிவிட்டு, உடம்பையும் புதிதாக லேக்கர் அடித்து, பிறகு மதிப்பு கேட்கலாம் என்று எண்ணம்.

பழமரம்

லேக்கர் எண்ணத்தை முதலில் கைவிடுங்கள். மறுபூச்சு செய்த கிட்டார் ஒரிஜினல் பூச்சோடு இருப்பதில் ஏறத்தாழ பாதி விலைக்குத்தான் போகும் என்பது இந்தச் சந்தையின் பழகிய கணக்கு. கீறலும் பெயர்ப்பும் இருந்துவிட்டுப் போகட்டும். ஃபிரெட் மாற்றியிருந்தால்கூட வாங்குபவர் பெரிதாக முகம் சுளிப்பதில்லை, பெயின்டில் கை வைத்தால் மன்னிப்பே கிடையாது.

ஸ்விட்ச் பற்றிக் கவலை வேண்டாம். ஃபெண்டர் 1977லேயே ஸ்ட்ராட்டில் ஐந்து நிலை ஸ்விட்ச் போட ஆரம்பித்துவிட்டது. உங்களுடையதில் மூன்று நிலை இருந்திருந்தால்தான் யோசிக்க வேண்டும்.

எஸ்8 என்பதை மட்டும் கல்வெட்டு போல் நம்பிவிடாதீர்கள். எஸ் என்பது எழுபதுகள், 8 என்பது எட்டாம் ஆண்டு என்று பொருள். ஆனால் ஒட்டுப்படங்கள் மொத்தமாக அச்சாகி, கையிருப்பு தீரும்வரை ஒட்டப்பட்டன. எஸ்9 எண்ணுள்ள கிட்டார்கள் எண்பதுகளின் தொடக்கத்திலும் வெளிவந்தன. பிக்கார்டைத் திறக்கும்போது மூன்று பாட்களின் முதுகில் உள்ள எண்களை எழுதி இங்கே போடுங்கள். உள்ளே யாரும் கை வைக்கவில்லை என்ற பேச்சு உண்மையா என்பதை அவை சொல்லும்.

ஓம்மீட்டர்

திறப்பதற்கு முன்பே பாதி விஷயம் தெரிந்துவிடும். கேபிளைக் கிட்டாரில் செருகுங்கள், ஆம்பில் (ஒலிபெருக்கியில்) செருக வேண்டாம். வால்யூமை 10க்குத் திருப்பி, மல்டிமீட்டரை 20 கிலோ ஓம் எல்லையில் வைத்து, வெளியே தொங்கும் பிளக்கின் நுனியில் ஒரு முனையும் அதன் உடம்பில் மறுமுனையும் தொட்டு ஐந்து நிலைகளிலும் அளங்கள். இந்தக் காலத்து ஸ்ட்ராட் பிக்கப் ஒன்று சுமார் 5.5 முதல் 6.2 கிலோ ஓம் காட்டும். இடைநிலைகளில் இரண்டு பிக்கப் பக்கவாட்டில் (பேரலலாக) இணைவதால் அதில் பாதி வரும்.

கூடவே தந்திக்கும் பிளக் உடம்புக்கும் இடையில் அளந்து சொல்லுங்கள். ஓரிரு ஓமுக்கு மேல் போகக் கூடாது.

தாளக்கட்டு

நெக் பிக்கப் 5.7 கிலோ ஓம். நெக்கும் நடுவும் 2.9. நடு 5.8. நடுவும் பிரிட்ஜும் 5.8. பிரிட்ஜ் மட்டும் வைத்தால் எல்லை தாண்டுகிறது, 2 மெகா எல்லைக்கு மாற்றினால் 246 கிலோ ஓம். தந்திக்கும் பிளக்குக்கும் இடையில் தொடர்பே இல்லை.

ஓம்மீட்டர்

அந்த 246 பிக்கப்புடைய அளவே இல்லை, அது வால்யூம் பாட். 250 கிலோ ஓம் பாட் பிக்கப்போடு பக்கவாட்டில் நிற்கிறது. பிக்கப் பாதை அறுந்ததால் மீட்டருக்குத் தெரிவது பாட் மட்டும்தான். நடுவும் பிரிட்ஜும் சேரும் நிலையில் 2.9க்குப் பதில் 5.8 வருவதும் அதையே சொல்கிறது: பிரிட்ஜ் சுற்றில் இல்லவே இல்லை.

பிறகு எப்படிக் கொஞ்சம் சத்தம் வருகிறது? சுருள் அறுந்த இடத்தில் சுற்றுகள் ஒன்றையொன்று ஒட்டி நிற்பதால் அது ஒரு குட்டிக் கெப்பாசிட்டர் போல் நடந்துகொள்கிறது. உச்ச ஒலி மட்டும் கசிந்து வரும், அடி ஒலி தங்கிவிடும். நீங்கள் சொன்ன தொலைபேசிக் குரல் அதுதான்.

ஆனால் அறுந்தது சுருள்தான் என்று இன்னும் தீர்ப்பு சொல்ல முடியாது. ஒயரோ, ஸ்விட்ச் தொடுமுனையோ, ஈயம் விட்டதோகூட இருக்கலாம். தந்திகளைத் தளர்த்தி, பிக்கார்டின் 11 திருகாணிகளைக் கழற்றி, நிமிர்த்திப் பிடித்து, முதலில் நாலு கோணத்தில் படம் எடுத்துக்கொள்ளுங்கள். பிறகு பிரிட்ஜ் பிக்கப்பின் அடித்தட்டில் ஒயர் வந்து சேரும் இரண்டு கண்களுக்கும் நடுவே அளங்கள். ஸ்விட்ச் வேறு நிலையில் இருக்கட்டும், இல்லாவிட்டால் மறுபடி பாட்டைத்தான் அளப்பீர்கள். அங்கே 6 கிலோ ஓம் கிடைத்தால் பிக்கப் நலம், ஒயர் வழியைத் தேடுங்கள்.

எந்தக் காரணத்துக்காகவும் காந்தத் தூண்களை விரலால் அழுத்தாதீர்கள். இந்த பிக்கப்பில் கம்பி காந்தத்தின் மேலேயே சுற்றப்பட்டிருக்கிறது, அரை மில்லிமீட்டர் நகர்ந்தாலும் உள்சுற்று அறுந்துவிடும். நல்ல பிக்கப்கள் பல இப்படித்தான் செத்திருக்கின்றன.

ஈயக்கோல்

இரைச்சலுக்கு நான் பதில் சொல்கிறேன். தந்தியிலிருந்து எர்த் வரும் வழி: பிரிட்ஜ், பின்னால் உள்ள ஸ்பிரிங்குகள், அவற்றைப் பிடித்திருக்கும் உலோகத் தகடு, அங்கிருந்து ஓர் ஒயர் மரத்துக்குள் புகுந்து வால்யூம் பாட் முதுகுக்கு. பின்மூடியைத் திறந்து தகட்டில் ஒயர் ஒட்டியிருக்கிறதா பாருங்கள். பத்துக்கு எட்டுத் தடவை அங்கேதான் ஈயம் விட்டிருக்கும். ஸ்பிரிங் அதிர்வு சும்மா விடாது.

மறுபடி ஒட்டுவதற்கு 25 வாட் சால்டரிங் கோல் போதாது, தகடு சூட்டையெல்லாம் குடித்துவிடும். 60 முதல் 80 வாட் கோல் எடுங்கள். ஒட்டும் இடத்தை உப்புத்தாளால் பளபளவென்று தேய்த்து, துளி ஃபிளக்ஸ் தடவி, தகட்டைச் சூடாக்கி அதன்மேல் ஈயத்தை உருக்குங்கள். கோலின் நுனியில் உருக்கிக் கொண்டுபோய் வைத்தால் சாம்பல் நிற உருண்டையாக உட்காரும், மாதத்தில் விடும். துணி விரித்து உடம்பை மூடிக்கொள்ளுங்கள்.

எர்த் சரியான பிறகும் தந்தியைத் தொடும்போது கிச்சென்று மின்சாரம் அடித்தால் கோளாறு கிட்டாரில் இல்லை, ஆம்பிலோ பிளக் பாயின்டிலோ இருக்கிறது. சரி செய்யும்வரை வாசிக்கவே கூடாது.

தாளக்கட்டு

தகட்டில் ஒயர் தொங்கிக்கொண்டிருந்தது. 60 வாட்டில் ஒட்டியாயிற்று, இப்போது 0.4 ஓம். தந்தியைத் தொட்டால் இரைச்சல் அடங்குகிறது.

பிரிட்ஜ் பிக்கப்பின் கண்களுக்கிடையே எதுவும் காட்டவில்லை, சுருளேதான் போலிருக்கிறது. அடித்தட்டு சாம்பல் நிறம், காந்தத் தலைகள் ஆறும் ஒரே மட்டம். பாட் எண்கள்: டோன் இரண்டிலும் 137 7749, வால்யூமில் 137 8312.

பழமரம்

137 என்றால் சி.டி.எஸ். என்ற நிறுவனத்தின் தயாரிப்பு. அடுத்த இரண்டு இலக்கம் ஆண்டு, கடைசி இரண்டு வாரம். டோன் பாட்கள் 1977இன் 49ஆம் வாரம், அதாவது டிசம்பர் முதல் பாதி. 1978இல் பூட்டிய கிட்டாருக்குக் கச்சிதம். வால்யூம் பாட் 1983இன் 12ஆம் வாரம். ஆக யாரோ திறந்திருக்கிறார்கள். விலை பேசும்போது இதை நீங்களே சொல்லிவிடுங்கள், வாங்குபவர் கண்டுபிடித்தால் மற்ற எல்லாவற்றையும் சந்தேகப்படுவார்.

இன்னொன்று: பாட் எண் ‘இதற்கு முன் இல்லை’ என்று மட்டுமே சொல்லும். 1966 தேதியிட்ட பாட்கள் ஃபெண்டரிடம் குவிந்து கிடந்து, அந்தப் பத்தாண்டு முடியும்வரை கிட்டார்களில் ஏறிக்கொண்டே இருந்தன.

சமமட்டத் தூண்கள் எழுபதுகளின் நடுவிலிருந்து வருபவை, எனவே பிக்கப் பெரும்பாலும் அதனுடையதே. அடியில் மசி முத்திரை இருந்தால் துடைத்துவிடாதீர்கள்.

ஓம்மீட்டர்

வால்யூம் பாட் ஒரிஜினல் இல்லை என்பதால் அதில் தயக்கம் வேண்டாம், ஆனாலும் முதலில் சுத்தம் செய்து பாருங்கள். எண்ணெய்ப்பசை கலந்த கான்டாக்ட் கிளீனரை மூன்று முனைகளுக்கு மேலே உள்ள இடுக்கு வழியாக ஒரு சின்னப் பீய்ச்சு, பிறகு கோடிக்குக் கோடி முப்பது தடவை திருப்பு. தண்டு வழியாக அடித்தால் அங்குள்ள கிரீஸ் கரைந்து திருகல் லொடலொடக்கும். துரு நீக்கும் ஸ்பிரே வேண்டாம். கரகரப்பு போகாவிட்டால் 250 கிலோ ஓம் புது பாட்.

பிக்கப்புக்கு வருவோம். கம்பி 42ஆம் எண், தலைமுடிப் பருமன்தான். வெளிச்சுற்றின் முனை கண்ணுக்குப் போகும் இடத்தில் அறுந்திருந்தால் அதிர்ஷ்டம்: பூதக்கண்ணாடியில் முனையைத் தேடி, ஓரிரு சுற்றுப் பிரித்து, பூச்சை மெல்லச் சுரண்டி ஒட்டிவிடலாம். உள்முனையில், காந்தத்தை ஒட்டி அறுந்திருந்தால் வழியே இல்லை, முழுதாக மறுசுற்றுதான். இரும்பு கலந்த காந்தம் துருப்பிடித்துப் பூச்சையும் கம்பியையும் அரிப்பதுதான் வழக்கமான காரணம். எது என்று தெரியாமல் நோண்ட வேண்டாம். வெளியில் முனை தெரியாவிட்டால் நிறுத்திக்கொள்ளுங்கள்.

பழமரம்

மறுசுற்றை அவசரப்பட்டுச் செய்ய வேண்டாம் என்பேன். அறுந்த ஒரிஜினலுக்கும் மதிப்பு உண்டு. அதை அப்படியே எடுத்து வைத்துவிட்டு, வாசிக்க வேறொரு பிக்கப்பைப் பூட்டுங்கள். அடுத்து வாங்குபவர் தனக்குப் பிடித்த கையில் மறுசுற்றுக் கொடுக்கட்டும்.

ஈயக்கோல்

கழற்றும்போது ஒயரை வெட்டாதீர்கள். ஸ்விட்சில் ஒரு முனை, வால்யூம் முதுகில் ஒரு முனை, இரண்டையும் ஈயம் உருக்கி விடுவித்தால் போதும். பாட் முதுகில் கோல் மூன்று நான்கு விநாடிக்கு மேல் நிற்கக் கூடாது, உள்ளே கார்பன் பாதை கெடும். டோன் பாட்களின் பக்கம் போகவே வேண்டாம், அங்கே தொழிற்சாலை ஈயம் கலையாமல் இருப்பதே ஒரு சான்று.

புது பிக்கப்பை நடு பிக்கப்போடு சேர்த்து ஒலிக்கவிட்டுக் கேளுங்கள். மெலிந்து, அடி ஒலி காணாமல் போனால் இரண்டும் எதிர்த்திசையில் இருக்கின்றன. புது பிக்கப்பின் இரண்டு ஒயரை இடம் மாற்றினால் சரியாகும்.

ஈ தந்தி நழுவுவது மூன்று போல்ட் நெக்கின் பழைய வியாதி. தந்திகள் இழுவையில் இருக்கும்போதே போல்ட்களை அரைச்சுற்று மட்டும் தளர்த்தி, நெக்கை எந்தப் பக்கம் தேவையோ அந்தப் பக்கம் தள்ளி, பிடித்தபடியே இறுக்குங்கள். போல்ட் தகட்டில் தெரியும் சின்னத் துளை நெக்கின் சாய்வுக்கானது, அதை இப்போது தொட வேண்டாம். நெக்கின் வளைவைச் சரிசெய்ய, தலைப்பக்கம் தெரியும் துப்பாக்கிக் குண்டு வடிவ நட்டுக்கு 1/8 அங்குல ஆலன் சாவி. 3 மில்லிமீட்டர் சாவி நுழையும், ஆனால் மூலைகளை உருட்டிவிடும்.

தாளக்கட்டு

நெக் நகர்ந்தது, தந்தி உள்ளே வந்துவிட்டது. கரகரப்பும் போய்விட்டது, பாட்டை மாற்றவில்லை. பிக்கப்பில் வெளிமுனை எதுவும் அறுந்து தெரியவில்லை, கழற்றிவிட்டேன். எப்படி வைப்பது?

பழமரம்

மெல்லிய தாளில் சுற்றி, ஈரம் உறிஞ்சும் சிலிக்கா பொட்டலத்தோடு மூடும் பையில். காந்தம் எதனோடும் உரசக் கூடாது. வேறு காந்தங்களுக்கும் ஸ்பீக்கருக்கும் பக்கத்தில் வைக்காதீர்கள். கழற்றிய தேதி, பாட் எண்கள், நீங்கள் எடுத்த ஓம் அளவுகள் எல்லாம் ஒரு சீட்டில் எழுதி அதே பையில் போட்டு, பையைக் கிட்டார் பெட்டிக்குள்ளேயே வையுங்கள். தனியாக வைத்தால் கிட்டார் கைமாறும்போது தொலைவது முதலில் அதுதான்.