போலாரில் இந்த இதழ் கணக்கு புரியவில்லை, யாராவது உதவுங்களேன்
வணக்கம். சைன், காஸ் அலைகள் வரை ஒருவழியாகத் தேறிவிட்டேன். போலார் (தொடக்கப் புள்ளியிலிருந்து தூரம் ஆர், கோணம் தீட்டா என்று புள்ளி வைக்கும் முறை) பக்கம் வந்ததும் மாட்டிக்கொண்டேன்.

ஆர் = 2 காஸ் தீட்டா பரவாயில்லை; இருபுறமும் ஆரால் பெருக்கினால் மையம் (1, 0), ஆரம் 1 என்று வட்டம் வந்துவிடுகிறது. ஆனால் பூ மாதிரி வரும் வளைவுகளில் ஆர் = காஸ் 2தீட்டாவுக்கு 4 இதழ், காஸ் 3தீட்டாவுக்கு மட்டும் ஏன் 3?

காஸ் 3தீட்டாவில் தீட்டா 60 பாகை என்றால் ஆர் -1. மைனஸ் என்பதால் எதிர்த்திசையில், 240 பாகையில் புள்ளி வைக்க வேண்டுமாம். சரி, வைத்தேன். அப்புறம் 180 பாகை தாண்டியதும் பென்சில் பழைய இதழ் மேலேயே ஓடுகிறது! (அழித்து அழித்துத் தாளே கிழிந்துவிட்டது.)

ஒற்றைப்படை எண்ணுக்கு மட்டும் ஏன் இப்படி? விதி (ஒற்றைப்படை என்றால் அதே எண்ணிக்கை இதழ், இரட்டைப்படை என்றால் இரண்டு மடங்கு) மனப்பாடமாகத் தெரியும், காரணம்தான் பிடிபடவில்லை. அட்டவணை போடாமல் கண்ணுக்குத் தெரிகிற மாதிரி யாராவது விளக்க முடியுமா?