மூச்சு முட்டிய வான்: புகை வடிகட்டியோடு பட்ட பாடு

கோண்டாவில் வான்காரன்:

ஜப்பானில் ஓடிக் களைத்து, இங்கே யாழ்ப்பாணத்துக்கு வந்து மறுபிறவி எடுத்த டீசல் வான் என்னுடையது. காலையில் பள்ளிக்கூடப் பிள்ளைகள், பிறகு திருநெல்வேலிச் சந்தைக்கு மரக்கறி, மாலையில் திரும்பவும் பிள்ளைகள். ஒரு ஓட்டம் ஏழெட்டுக் கிலோமீற்றரைத் தாண்டாது. போன வைகாசியில் வவுனியாவுக்கு ஓர் ஓட்டம் கிடைத்தது. ஆனையிறவில் வான் இழுக்கவில்லை. உப்புக்காற்று எதிர்த்து அடிக்கிறது என்றுதான் முதலில் நினைத்தேன். பிறகு செம்மஞ்சள் விளக்கு எரிந்தது. நிறுத்தி ஒயில் குச்சியை இழுத்துப் பார்த்தேன். ஒயில் கூடியிருந்தது! குறைந்துதான் கண்டிருக்கிறேன், கூடி இதுவரை கண்டதில்லை.

ஒரு பட்டறையில், "டி.பி.எஃப். (டீசல் புகையின் கரியைப் பிடிக்கும் வடிகட்டி) அடைத்துவிட்டது, உள்ளே இருக்கும் கல்லை உடைத்து எடுத்துவிடலாம்" என்றார்கள். அந்தப் புகை பள்ளிக்கூட வாசலில் யார் மூக்குக்குள் போகும்? மனம் வரவில்லை. இதில் அனுபவப்பட்டவர்கள் எழுதுங்கள்.

சுன்னாகம் பட்டறை:

தம்பி, உடைக்காமல் விட்டது நல்லது. தொண்ணூறுகளில் பொருளாதாரத் தடை இருந்தபோது, காபரேற்றரில் நாலு சொட்டுப் பெற்றோல் விட்டு ஸ்ரார்ட் செய்து, மண்ணெண்ணெயில் ஒஸ்ரின் கார்களை ஓட்டிய ஊர் இது. அந்தப் புகையைக் குடித்து வளர்ந்த எனக்கும் இந்த வடிகட்டி வந்த புதிதில் வெறுப்புத்தான்.

ஒயில் கூடிய காரணம் இது. கரி சேர்ந்ததும் வண்டி தானாகவே அதை எரிக்கப் பார்க்கும். அதற்காகச் சற்றுப் பிந்தி டீசலைப் பீச்சிப் புகையைச் சூடாக்கும். நீங்கள் அரைவழியில் சாவியைத் திருப்பிவிடுகிறீர்கள். ஒவ்வொரு முறையும் கொஞ்ச டீசல் சிலிண்டர் சுவரால் வழிந்து ஒயிலோடு சேர்ந்துவிடும். முதலில் அந்த ஒயிலை மாற்றுங்கள்.

நான் விட்ட பிழைகளையும் சொல்கிறேன். வடிகட்டிக்கு முன்னும் பின்னும் அமுக்கத்தை அளக்க இரண்டு மெல்லிய இரப்பர்க் குழாய்கள் சென்சருக்குப் போகும். அதில் ஒன்று வெடித்திருந்ததைப் பார்க்காமல், நல்ல வடிகட்டி ஒன்றைச் செத்துவிட்டது என்று சொல்லியிருக்கிறேன். இன்னொருவருடையதை அமிலம் விட்டுக் கழுவிக் கொடுத்தேன். அமுக்கம் அருமையாக இறங்கியது. இரண்டு கிழமையில் மறுபடி விளக்கு எரிந்தது. ஏன் என்று எனக்கு இன்னும் தெளிவில்லை.

ஊருக்கு வந்தவன்:

நல்லூர்த் திருவிழாவுக்கு வந்திருக்கிறேன். ஜேர்மனியில் பதினான்கு வருடமாக இந்தக் கல்லுக்கு ஊக்கி, அதாவது வேதிமாற்றத்தை விரைவாக்கும் பொருள், பூசுவதுதான் வேலை. அண்ணை, நீங்கள் அழுக்கோடு சேர்த்து அந்தப் பூச்சையும் கழுவியிருப்பீர்கள்.

கரி வெறும் ஒட்சிசனில் எரிய 550 முதல் 600 பாகை செல்சியஸ் வேண்டும். புகையில் உள்ள நைத்திரிக் ஒட்சைட்டை, பூச்சில் உள்ள பிளாற்றினம் நைதரசன் ஈரொட்சைட்டாக மாற்றிக் கொடுத்தால் 250 பாகையிலிருந்தே கரி கரையத் தொடங்கும். பூச்சுப் போனால் இந்த வழி அடைபடும். கந்தகம் கூடிய டீசலை ஊற்றினாலும் பிளாற்றினம் இந்த வேலையை விட்டுவிட்டுக் கந்தகத்தோடு மல்லுக்கட்டும்.

அப்படியானால் நிறையப் பூசலாமே என்று தோன்றும். எனக்கும் தோன்றியது. சின்ன வயதில் ஆச்சியின் தண்ணீர்ப் பானைக்கு அழகுக்காகப் பெயின்ற் பூசி அடி வாங்கியவன் நான். பானை அதற்குப் பிறகு வியர்க்கவில்லை, தண்ணீர் குளிரவில்லை. அங்கே போயும் அதே பிழையைச் செய்தேன். பூச்சை இரட்டிப்பாக்கிய மாதிரி ஒன்று கரியை அழகாக எரித்தது. காற்றை ஊதிப் பார்த்தால் எதிர்ப்பு ஏறிக்கிடந்தது. எஞ்சின் பகுதிக்காரர்கள் அன்று மாலையே திருப்பி அனுப்பிவிட்டார்கள். புகையை வெளியே தள்ளவே எஞ்சின் பாடுபட்டால் டீசலும் கூடக் குடிக்கும், இழுவையும் போகும்.

அந்தக் கல் தேன்கூடு போன்றது. ஒரு குழாயின் முன்வாய் அடைத்திருந்தால் பக்கத்துக் குழாயின் பின்வாய் அடைத்திருக்கும். ஆகவே புகை சுவரைத் துளைத்துத்தான் வெளியேற வேண்டும். சுவரின் தடிப்பு ஏறக்குறைய 0.3 மில்லிமீற்றர், துளைகள் 10 முதல் 20 மைக்ரோமீற்றர். ஊக்கி, அலுமினாக் குழம்பில் கலந்துதான் வரும். குழம்பு துளையின் கழுத்தில் தங்கினால் ஆச்சியின் பானைதான். அதனால் பூச்சுக் கூடிய வகைகளுக்கு 60 சதவீதத்துக்கு மேல் வெற்றிடமுள்ள கல்லை எடுக்கிறார்கள். கல் அந்த அளவுக்கு நொய்ந்துபோகும், வெப்பத்தையும் குறைவாகத்தான் தாங்கும். கரி ஒரேயடியாகப் பற்றினால் கல்லில் வெடிப்பு விழலாம்.

எனக்கு மிகவும் பிடித்தது கரி சேரும் முறை. முதலில் வரும் கொஞ்சக் கரிதான் கொடியது. அது சுவருக்குள் புகுந்து துளைகளை ஒடுக்கும், அமுக்கம் சட்டென்று ஏறும். பிறகு கரி சுவரின்மேல் அடையாகப் படியும்போது ஏற்றம் மெதுவாகிவிடும். ஆகவே புகை நுழையும் பக்கத்துச் சுவரில் நுண்துளையுள்ள மெல்லிய தோல்போலப் பூசினால் கரி உள்ளே புகாமல் மேலேயே தங்கும். அதாவது பூச்சே எதிர்ப்பைக் குறைக்கிறது. புதுக் கல்லில் அளந்து பார்த்தால் இது தெரியாது, கரி சேர்ந்த பிறகு அளந்தால் தெரியும். சுவரில் படியும் மெல்லிய சாம்பல்கூடத் தொடக்கத்தில் இந்த உதவியைச் செய்யும்.

ஆனால் சாம்பல் எரியாது. அது ஒயிலில் இருக்கும் கல்சியம், நாகம் (துத்தநாகம்) போன்றவற்றின் மிச்சம். அதற்கு இடம் விடத்தான் நுழையும் குழாய்களை அகலமாகவும் வெளியேறும் குழாய்களை ஒடுக்கமாகவும் வார்க்கிறார்கள். புதிதில் எதிர்ப்புச் சற்றுக் கூடத்தான் இருக்கும்.

கிளிநொச்சி மாணவி:

இறுதி வருடச் செயற்திட்டத்துக்கு சென்சர் வாங்கப் பணமில்லை. கண்ணாடிக் குழாயை யு வடிவில் வளைத்துத் தண்ணீர் விட்டு அளந்தோம். ஒரு கிலோபஸ்காலுக்கு ஏறக்குறைய பத்துச் சென்ரிமீற்றர் தண்ணீர். எஞ்சின் சும்மா ஓடியபோது நீர்மட்டம் அடக்கமாக நின்றது. முறுக்கிய மறுகணம் தண்ணீர் முழுவதும் விரிவுரையாளரின் சட்டையில்! அடைத்த வடிகட்டியில் பத்துக் கிலோபஸ்கால் சாதாரணம், அதற்கு ஒரு மீற்றர் நீர்நிரல் வேண்டும் என்று முதலே கணக்குப் போட்டிருக்கலாம். புகை சூடானால் அதன் கனவளவும் பிசுக்குமையும் கூடும் என்பதால், அதே கரிக்கு அமுக்கமும் கூடக் காட்டும். அளக்கும்போது வெப்பநிலையையும் எழுதி வையுங்கள் அண்ணா.

கோண்டாவில் வான்காரன்:

எல்லோருக்கும் நன்றி. ஒயிலை மாற்றினேன், சாம்பல் குறைந்த வகை. கந்தகம் குறைந்த சூப்பர் டீசல் ஊற்றுகிறேன், விலை வயிற்றைக் கலக்குகிறது. ஞாயிறுதோறும் ஏ9 வீதியில் கிளிநொச்சி வரை ஒரே வேகத்தில் போய் வருகிறேன். மூன்றாவது ஞாயிறு விளக்கு அணைந்தது. ஆனால் சென்சருக்குப் போகும் குழாய்களில் ஒன்று கையால் அமுக்கும்போது வெடிப்புக் காட்டுகிறது. சுன்னாகத்து அண்ணை, அந்த அளவுக் குழாய் உங்களிடம் இருக்கிறதா? நாளைக்குப் பிள்ளைகளை இறக்கிவிட்டு வருகிறேன்.