14 பேருக்கு 15 பங்கு

நன்னிலம் பக்கத்திலிருந்து:

அம்மா நடவு ஆள். 14 பேர் சேர்ந்து போவார்கள். ஏக்கருக்கு இவ்வளவு என்று நிலக்காரரிடம் பேசுவது ஒரு தரகர். எவ்வளவுக்குப் பேசினார் என்பது கடைசிவரை இவர்களுக்குத் தெரியாது. கோடையில் வேலை கிடையாது, வட்டிக்கு வாங்கித்தான் அடுப்பு எரியும். மேட்டூர் அணை திறந்து குறுவை நடவு தொடங்கும்போது, வரப்போகிற கூலி கடன்காரருக்குப் போய்ச் சேர்ந்த மாதிரிதான்.

2018 கஜா புயலுக்கு அடுத்த வருஷம் பக்கத்து வீட்டு அத்தை கேட்டார்: "நாத்து பறிக்கிறது நாம, நடுறது நாம. வெலய மட்டும் ஏன் இன்னொருத்தர் பேசணும்?"

நிலக்காரர்களிடம் நேரே போய்ப் பேசினார்கள். தரகர் வெளியூர் ஆட்களை இறக்கிவிட்டார். 12 நாள் வேலையில்லை. என் காலேஜ் பீஸை நினைத்து அம்மா ராத்திரியில் அழுதது எனக்குத் தெரியும். ஆனால் ஒருவர்கூடப் பிரிந்து போகவில்லை. இப்போது நினைத்தாலும் தொண்டை அடைக்கிறது.

சம்பாவுக்கு ஒரு விவசாயி கூப்பிட்டார், பிறகு மற்றவர்களும். கூலியை 15 பங்காகப் பிரித்தார்கள். பதினைந்தாவது பங்கு கோடைக்கு. அதிலிருந்து வட்டியில்லாமல் கொடுத்து வாங்கினார்கள். இரண்டாம் வருஷம் அம்மாவின் தோடு அடகிலிருந்து திரும்பியது. நடவு மெஷின் வந்து வேலை பாதியானபோது, அந்தப் பணத்தில் 6 மா (சுமார் 2 ஏக்கர்) நிலத்தைக் குத்தகைக்கு எடுத்தார்கள்.

ஏழைகள் என்றாலே கைநீட்டி நிற்பவர்கள் என்று பேசுவது எனக்கு வலிக்கிறது. 15 பங்கு என்ற கணக்கை எந்த அதிகாரியும் வந்து சொல்லித்தரவில்லை.

கீழ்வேளூர் பக்கத்திலிருந்து:

உங்கள் அம்மாவுக்கு என் வணக்கம். எங்கள் அப்பாயி நினைவு வந்துவிட்டது. 1968-ல் கூலி உயர்வு கேட்ட கீழ்வெண்மணியில் 44 பேர் எரித்துக் கொல்லப்பட்டார்கள். அதற்குப் பிறகு இந்தப் பக்கம் வந்து வேலை செய்த காந்தியத் தம்பதி கிருஷ்ணம்மாளும் ஜெகந்நாதனும், நிலமில்லாதவர்களுக்கு நிலம் கிடைக்க 1981-ல் லாஃப்டி அமைப்பைத் தொடங்கினார்கள். நிலத்தைச் சும்மா கொடுத்தார்கள் என்று பலர் நினைக்கிறார்கள். அப்படியில்லை. நிலக்காரரிடம் விலை பேசி, கடன் வாங்கி, விளைச்சலிலிருந்து அந்தக் கடனை அடைக்க வேண்டும். நிலம் பெண்கள் பேரில். அப்பாயி தவணை கட்டிய ரசீதுகள் இன்னும் டிரங்குப் பெட்டியில் இருக்கின்றன.

ஒன்று கேட்கணும். அந்த 6 மா வாய்மொழிக் குத்தகையா? அரசு நெல் கொள்முதல் நிலையத்தில் சிட்டா, அடங்கல் என்று நில ஆவணங்கள் கேட்பார்களே, நெல்லை எப்படிப் போட்டார்கள்?

நன்னிலம் பக்கத்திலிருந்து:

வாய்மொழிதான். முதல் போகம் வியாபாரியிடம் குறைந்த விலைக்குப் போனது. இந்த வருஷம் எழுதிக் கொடுத்தால்தான் உழுவோம் என்று நிலக்காரர் வீட்டுக்குப் போயிருக்கிறார்கள். பேசப்போவது அம்மா.