பார்கோடு வரிசையில் நடுநடுவே ஸ்டாப் கோடான், அவசரம்

தண்டையார்பேட்டை மாணவி:
பூச்சியின் இனத்தை டிஎன்ஏவை வைத்துக் கண்டறிய (அதுதான் பார்கோடு) சிஓஐ என்ற மைட்டோகாண்ட்ரியா மரபணுவின் வரிசை கைக்கு வந்துவிட்டது. புரதமாக மாற்றினால் நடுநடுவே நட்சத்திரக் குறிகள், அதாவது புரதம் அங்கே முடிகிறது என்னும் ஸ்டாப் கோடான்கள், விழுகின்றன. திங்களன்று வழிகாட்டியிடம் காட்ட வேண்டும். என்ன செய்வது?

மணலி வாசகன்:
என்ன பூச்சி? எத்தனை எழுத்து? பெருக்கத்தைத் தொடங்க எந்த ப்ரைமர் துண்டு போட்டீர்கள்? ஒன்றும் சொல்லாமல் கேட்டால் எப்படியம்மா?

காசிமேட்டான்:
போலி மரபணு! மைட்டோகாண்ட்ரியாவின் துண்டு நியூக்ளியஸுக்குள் போய் ஒட்டிக்கொண்டிருக்கும். டிஎன்ஏவை நகலெடுக்கும் பிசிஆர் அதையும் சேர்த்துப் பெருக்கிவிடும். வெட்டுக்கிளி என்றால் சந்தேகமே வேண்டாம்.

பழைய உறுப்பினர்:
பார்கோடு முறையை முன்வைத்து ஹெபர்ட் குழுவினர் 2003இல் எழுதிய கட்டுரையையாவது படித்தீர்களா? அடிப்படை தெரியாமல் ஆய்வகத்துக்குள் நுழைந்தால் இப்படித்தான்.

தண்டையார்பேட்டை மாணவி:
வெட்டுக்கிளிதான். எண்ணூர் கழிமுகத்தில் கோரைப் புல்லில் பிடித்தது. 658 எழுத்து, ஃபோல்மர் ப்ரைமர்.

எண்ணூர்க்காரன்:
அனல்மின் நிலையச் சாம்பல் படிந்த இடம் அது. மரபணு கெட்டுப்போயிருக்கும்.

மணலி வாசகன்:
சாம்பல் கொசஸ்தலை ஆற்றுக்குச் செய்த கேடு எனக்கும் தெரியும், அண்ணா. ஆனால் சிஓஐ மூச்சுக்கான புரதம். அது நடுவில் அறுந்திருந்தால் பூச்சி குதித்தே இருக்காது.

பழைய உறுப்பினர்:
லென்ஸில் பார்த்து இனம் சொல்லத் தெரியாதவர்களுக்குத்தான் பார்கோடு.

காசிமேட்டான்:
இளம்பூச்சியை லென்ஸில் பார்த்து நீங்கள் சொல்லுங்கள் பார்ப்போம்! சிறகும் முளைக்காது, ஆண் உறுப்பின் அமைப்பும் முதிர்ந்திருக்காது. எதை வைத்துப் பிரிப்பீர்கள்?

பழைய உறுப்பினர்:
அந்த வரிசையை ஒப்பிடத் தரவுத்தளத்தில் சரியான பெயர் வேண்டுமே. அந்தப் பெயரை வைத்தது லென்ஸ் பிடித்தவன்தான்.

வியாசர்பாடி வாசு:
சண்டை அப்புறம். தங்கச்சி, எந்த மரபுக் குறியீட்டு அட்டவணையில் மாற்றினீர்கள்? மென்பொருள் தானாகப் பொது அட்டவணையான 1ஐ எடுத்துக்கொள்ளும். அதில் டிஜிஏ என்ற மூன்றெழுத்து வந்தால் நிறுத்தம். பூச்சிகளின் மைட்டோகாண்ட்ரியாவுக்கு அட்டவணை 5. அதில் டிஜிஏ நிறுத்தமில்லை, டிரிப்டோஃபான் என்ற அமினோ அமிலம். ப்ரைமரை வெட்டிய 658 எழுத்து என்றால் இரண்டாவது எழுத்திலிருந்து படியுங்கள். மீதி 657, மூன்றால் வகுத்தால் 219 அமினோ அமிலம்.

தண்டையார்பேட்டை மாணவி:
அட்டவணை 5 வைத்தேன். நட்சத்திரம் ஒன்றுகூட இல்லை. நன்றி அண்ணா.

காசிமேட்டான்:
நட்சத்திரம் போனதால் மட்டும் போலி இல்லை என்று ஆகிவிடாது. அண்மையில் நியூக்ளியஸுக்குப் போன துண்டில் ஸ்டாப் கோடான் விழுந்திருக்காது. வரிசையைப் படித்த கருவி தந்த இரு திசை வரைபடங்களிலும் ஒரே இடத்தில் இரட்டை முகடு தெரிகிறதா என்று பாருங்கள்.

வியாசர்பாடி வாசு:
சரியான பேச்சு. டிஎன்ஏவுக்கு ஒரு கால்தானே எடுத்தீர்கள்? பின்னால் இனத்தைச் சரிபார்க்க மீதி உடலை எண் போட்டு வைத்திருக்கிறீர்களா?