4000 மீட்டர் புல்வெளியில் நண்பகலில் கார்பன் உறிஞ்சல் குறைகிறது: சேம்பரா, செடியா?

கேள்வி
புல்மேல் கவிழ்த்து உள்ளே காற்றின் மாற்றத்தை அளக்கும் ஒளிபுகும் பெட்டி (சேம்பர்), 50×50×50 செ.மீ., 3 நிமிடம் மூடி வைக்கிறேன். காலை 10 மணிக்கு கார்பன் டை ஆக்சைடு நொடிக்கு 0.5 பிபிஎம் (பத்து லட்சத்தில் ஒரு பங்கு) இறங்குகிறது. கணக்குப்படி சதுர மீட்டருக்கு நொடிக்கு 10.6 மைக்ரோமோல் உறிஞ்சல். 1 மணிக்கு வெயிலும் வெப்பமும் அதிகம், இறக்கமோ 0.25 தான். குளிர்ந்த இடத்தில் வெப்பம் ஏறினால் உறிஞ்சல் கூட வேண்டாமா?

பதில் 1
முதலில் அந்த 10.6 சரியில்லை. கடல்மட்ட அழுத்தம், 101.3 கிலோபாஸ்கல் போட்டிருக்கிறீர்கள். அங்கே சுமார் 62 தான் இருக்கும். 15 டிகிரியில் 125 லிட்டர் காற்று 5.29 மோல் அல்ல, 3.24 மோல். 3.24 × 0.5 ÷ 0.25 = 6.5. பாரோமீட்டர் காட்டும் எண்ணையே போடுங்கள்.

நீராவியையும் கவனியுங்கள். 90 நொடியில் ஆவி ஒரு மோல் காற்றில் 8-லிருந்து 14 மில்லிமோலுக்கு ஏறினால், அது மற்ற வாயுக்களின் பங்கைக் குறைப்பதால், செடி எதுவும் இழுக்காமலே 2.4 பிபிஎம் குறைந்ததாகத் தெரியும். உலர் காற்று அளவுக்கு மாற்றிவிட்டுச் சாய்வை (நொடிக்கு எவ்வளவு இறங்குகிறது என்பதை) எடுங்கள்.

இவை இரண்டும் காலை எண்ணைத் திருத்தும். நண்பகல் சரிவை விளக்காது.

பதில் 2
நிகர எண்ணை மட்டும் பார்த்தால் ஒன்றும் புரியாது. ஒளியில் அளந்ததும் சேம்பரைத் தூக்கி ஒரு நிமிடம் காற்றாடவிட்டு, கறுப்புத் துணி போர்த்தி மறுபடி அளக்கவும். இருட்டில் வருவது சுவாசம். அதை நிகர உறிஞ்சலோடு கூட்டினால் மொத்த ஒளிச்சேர்க்கை.

3 நிமிடம் அதிகம். அந்த வெயிலில் உள்ளே வெந்துபோகும். மூடிய முதல் 15 நொடியை விடுங்கள், 90-ல் நிறுத்துங்கள், சிறு விசிறி ஓடட்டும். இடையில் மேகம் கடந்தால் அந்த அளவீட்டைத் தள்ளிவிடுங்கள்.

கேட்டவர்
90 நொடியில் எடுத்தது: காலை நிகரம் 6.5, சுவாசம் 3.0. நண்பகல் 3.2, 4.2. உள்வெப்பம் 2 டிகிரிக்குள்தான் ஏறியது.

பதில் 2
அப்படியென்றால் மொத்தம் 9.5-லிருந்து 7.4 ஆகிறது. நிகரத்தில் குறைந்த 3.3-ல் 1.2 சுவாசக் கணக்கு: மண் சூடேறியதும் நுண்ணுயிரும் வேரும் கூடுதலாக வெளிவிடுகின்றன. மீதி 2.1 ஒளிச்சேர்க்கையில் விழுந்தது. வறண்ட காற்றில் இலைத்துளை சுருங்கியிருக்கலாம், மேல்மண் காய்ந்திருக்கலாம். 5, 10 செ.மீ. ஆழத்தில் ஈரம் அளந்து, நல்ல மழைக்கு மறுநாள் அதே ஒளியில் ஒப்பிடுங்கள். மண் ஈரமாக இருந்தும் சரிவு அப்படியே நின்றால் காற்றின் வறட்சி. மறைந்தால் மண் ஈரக் குறைவுதான்.

பதில் 3
வெப்பம் ஏறினால் உறிஞ்சலும் ஏறும் என்பது ஈரம் போதுமான புல்வெளிக்குத்தான் பொருந்தும். புல்லின் வேர் பெரும்பாலும் மேலடுக்கில் இருப்பதால், அங்கே ஈரம் போனதும் வெப்பத்தால் பயனில்லை. சேம்பர் உட்கார மண்ணில் பதிக்கும் சட்டத்தையும் பாருங்கள்: அடர்ந்த வேர்ப்பாயில் அடித்தால் ஓரம் இடைவெளி விடும், காற்றில் கசியும். முந்தைய நாளே பதித்து, விளிம்பில் நுரைப்பட்டை ஒட்டவும்.