டோர்செட்டில் அக்டோபர் விடுமுறை: நுழைவுக் கட்டணம் இல்லாமல் நான்கு நாள் எங்கே போகலாம்?

தேன்மொழி_ரெடிங் கேட்கிறார்:

வணக்கம். அக்டோபர் ஹாஃப் டெர்ம் (பள்ளி நடுப்பருவ) விடுமுறையில் நான்கு நாள் இங்கிலாந்தின் தென்கரையில், டோர்செட்டின் வேமத் பக்கம் தங்குகிறோம். கார் இருக்கிறது. பிள்ளைகளுக்கு ஆறு வயது, பத்து வயது. பெரியவனுக்கு ஃபாசில் (கல்லாகிப்போன பழங்கால உயிரினங்கள்) என்றால் உயிர். அம்மாவும் கூட வருகிறார். சமதளம் என்றால் அரை மணி நேரம் நடப்பார், ஏற்றமும் படிகளும் முழங்காலுக்கு ஆகாது.

தங்கும் செலவே கையைக் கடிக்கிறது. அதனால் டிக்கெட் வாங்காமல் பார்க்கக்கூடிய இடங்களாகச் சொல்லுங்கள். பார்க்கிங்குக்கு எங்கே காசு, எங்கே இல்லை என்றும் தெரிந்தால் நல்லது. ஃபாசில் தேட எங்கே, எத்தனை மணிக்குப் போக வேண்டும்? கடலோரப் பாறை வளைவான டர்டில் டோர் அம்மாவுக்குச் சரிப்படுமா?

கல்லும்கடலும்:

ஃபாசிலுக்குச் சார்மத் கடற்கரைதான். வேமத்திலிருந்து மேற்கே காரில் ஒரு மணி நேரம் வைத்துக்கொள்ளுங்கள். பார்க்கிங்குக்குக் காசு உண்டு, கடற்கரைக்கு இல்லை. கரையிலேயே பழைய சிமென்ட் ஆலைக் கட்டடத்தில் சார்மத் ஹெரிடேஜ் கோஸ்ட் சென்டர் இருக்கிறது. அங்கும் நுழைவு இலவசம், விரும்பினால் நன்கொடை போடலாம். கடற்கரையில் இறங்கும் முன் அங்கே போய்விடுங்கள். எது ஃபாசில், எது வெறும் கல் என்று பையன் கண்ணுக்குப் பழகிவிட்டால் பிறகு தேடுவது சுலபம்.

நேரம்தான் முக்கியம். கடல் இறங்கிக்கொண்டிருக்கும்போது போக வேண்டும். பக்கத்து ஊரான லைம் ரீஜிஸுக்கான கடல் ஏற்றவற்ற அட்டவணையை எடுத்து, கடல் முழுதாக வற்றும் நேரத்துக்கு இரண்டு மணி நேரம் முன்னால் இறங்குங்கள். வற்றிய நேரம் வந்ததும் திரும்ப நடக்கத் தொடங்குங்கள். ஒரு வற்றத்துக்கும் அடுத்ததற்கும் ஏறத்தாழ 12 மணி 25 நிமிடம் ஆவதால் நாளுக்கு நாள் நேரம் சுமார் 50 நிமிடம் தள்ளிப்போகும். நேற்றைய நேரத்தை இன்றைக்கு நம்பாதீர்கள். சில அட்டவணைகள் ஆண்டு முழுவதும் கிரீன்விச் நேரத்திலேயே இருக்கும். கோடை நேரம் நடப்பில் இருக்கும்வரை அவற்றோடு ஒரு மணி நேரம் கூட்ட வேண்டும். அக்டோபர் கடைசி ஞாயிற்றுக்கிழமை கடிகாரம் ஒரு மணி நேரம் பின்னால் போகிறது. அதன்பின் கூட்ட வேண்டியதில்லை. இந்த ஒரு மணி நேரத்தைத் தவறவிட்டுத்தான் பலரும் பாறைச் சரிவுக்கும் தண்ணீருக்கும் நடுவில் மாட்டிக்கொள்கிறார்கள். சார்மத்திலிருந்து லைம் ரீஜிஸுக்குக் கரையோரமாகவே நடந்துவிடலாம் என்று கிளம்பாதீர்கள். கடல் ஏறினால் நடுவில் மேலே ஏற வழி கிடையாது.

தேடும் விதம்: சுத்தியல் வேண்டாம். பாறைச் சரிவைக் கொத்தவே கூடாது, கரையில் உதிர்ந்து கிடப்பதை எடுக்கலாம். பைரைட் என்ற இரும்புக் கனிமமாக மாறிய அம்மோனைட்டுகள் (சுருள் ஓடுள்ள பழங்காலக் கடலுயிர்கள்) சாதாரணக் கல்லைவிடக் கனமானவை. அதனால் அலை அவற்றை இழுத்துப் போகாமல் பொடிக்கற்கள் சேரும் திட்டுகளிலேயே விட்டுச் செல்லும். அப்படி ஒரு திட்டைப் பார்த்துப் பையனைக் குந்தி உட்காரச் சொல்லுங்கள். ஒரு பாய் அளவு இடத்தைப் பத்து நிமிடம் அசையாமல் பார்க்கட்டும். நடந்துகொண்டே தேடினால் எதுவும் கண்ணில் படாது. கட்டைவிரல் நகமளவில் பித்தளை நிறத்தில் சுருள் தெரியும். துப்பாக்கிக் குண்டு போல, விரல் நீளத்தில் பழுப்பாக இருப்பது பெலெம்னைட், கணவாய் மாதிரியான ஓர் உயிரின் உள்ளெலும்பு. நட்சத்திர வடிவில் பொடிப்பொடியாகக் கிடப்பவை கடல் அல்லி என்ற கடலுயிரின் தண்டுத் துண்டுகள். எல்லாம் சுமார் 19 கோடி ஆண்டுகள் பழையவை. பாட்டிக்குச் சாளக்கிராமம் தெரிந்திருக்கும். அதில் இருப்பதும் அம்மோனைட்டின் சுருள்தான் என்று பேரன் எடுத்துக் காட்டட்டும்.

இரண்டு எச்சரிக்கைகள். பாறையடியில் சாம்பல் நிறத்தில் சேறு வழிந்து கிடக்கும். மேலே காய்ந்த மாதிரி தெரிந்தாலும் உள்ளே கூழ்தான். காலை வைத்தால் முழங்கால்வரை போய்விடும், இழுத்தாலும் வராது. அடுத்தது, மழைக்குப் பிறகு மேலிருந்து கல் உருளும். சரிவை ஒட்டி உட்காரவோ சாப்பிடவோ கூடாது.

மண்மேடு:

வேமத்திலிருந்து மிகப் பக்கம் மெய்டன் காசில், டோர்செஸ்டருக்குத் தென்மேற்கே. பெயரில்தான் காசில், கட்டடம் எதுவும் இல்லை. இரும்புக் காலத்து மண்கோட்டை, 47 ஏக்கர். பிரிட்டனில் இவ்வகைக் கோட்டைகளில் இதுதான் மிகப் பெரியது என்பார்கள். நுழைவும் பார்க்கிங்கும் இலவசம், இந்த மாவட்டத்தில் அது அபூர்வம். கழிப்பறை கிடையாது. டோர்செஸ்டரில் போய்விட்டு வாருங்கள்.

மேற்கு வாசல் வழியாக ஏறுங்கள். எதிரி நேராக ஓடி வர முடியாதபடி மண்சுவர்களை மடக்கி மடக்கி வைத்திருக்கிறார்கள், பிள்ளைகளுக்கு அது ஒரு புதிர்ப்பாதை. தொல்லியலாளர் மார்ட்டிமர் வீலர் 1934 முதல் 1937 வரை இங்கே அகழ்ந்தபோது கவண்கற்கள் குவியல் குவியலாகக் கிடைத்தன. எல்லாம் வேமத்துக்குப் பக்கத்திலுள்ள செசில் கடற்கரையின் கூழாங்கற்கள். அடுத்த நாள் செசிலுக்குப் போகும்போது அதே அளவுக் கல்லைக் கையில் எடுத்துப் பார்க்கச் சொல்லுங்கள். மேலே காற்றுக்கு மறைப்பே இல்லை, காது மூடும் தொப்பி எடுத்துக்கொள்ளுங்கள். அம்மாவுக்கு இது வேண்டாம், கார் நிற்கும் இடத்திலிருந்தே ஏற்றம் தொடங்கிவிடும்.

அம்மாவும் சேர்ந்து போக டைன்ஹாம். 1943 டிசம்பரில் போர்ப் பயிற்சிக்காக ராணுவம் இந்த ஊரைக் காலி செய்தது. போனவர்கள் திரும்பி வரவே முடியவில்லை. கூரையில்லாத வீடுகள் அப்படியே நிற்கின்றன. பள்ளிக்கூடத்தில் பிள்ளைகள் கோட்டு மாட்டும் கொக்கிகள் இன்னும் பெயர்களோடு இருக்கின்றன. போகும்போது ஊர்க்காரர்கள் தேவாலயக் கதவில், வீடுகளைக் கவனமாகப் பார்த்துக்கொள்ளுங்கள், ஒருநாள் திரும்பி வருவோம் என்று எழுதி வைத்தார்கள். பத்து வயதுப் பிள்ளைக்கு அது புரியும்.

நுழைவுச்சீட்டு இல்லை, பார்க்கிங்குக்கு நன்கொடை கேட்பார்கள். ஆனால் லல்வொர்த் பீரங்கிப் பயிற்சி நடக்கும் நாளில் சாலையையே மூடிவிடுவார்கள். பெரும்பாலான வார இறுதிகளில் திறந்திருக்கும். வார நாளில் போவதென்றால் அரசுத் தளத்தில் பயிற்சி அறிவிப்பைப் பார்த்துவிட்டுக் கிளம்புங்கள். மஞ்சள் குறிக் கம்பங்களைத் தாண்டிப் போகாதீர்கள், வெடிக்காத குண்டுகள் இருக்கலாம். வோர்பாரோ விரிகுடாவரை சுமார் ஒரு மைல், பெரிய ஏற்றமில்லாத மண்பாதை. அம்மா பாதிவரை வந்து திரும்பலாம். கடிகாரம் மாறிய பிறகு மாலை ஐந்து மணிக்குள் சூரியன் மறைந்துவிடும், காலையிலேயே போய்விடுங்கள்.

தேன்மொழி_ரெடிங்:

இருவருக்கும் மிக்க நன்றி. சார்மத், டைன்ஹாம் இரண்டும் உறுதி. டர்டில் டோரைப் பற்றி யாராவது சொல்லுங்கள். எடுத்து வரும் ஃபாசில் வீட்டில் கெடாமல் இருக்குமா?

போர்ட்லாந்து_நிலா:

டர்டில் டோர் அம்மாவுக்குச் சரிவராது அக்கா. பார்க்கப் பணம் கேட்பதில்லை, ஆனால் பார்க்கிங் தனியாருடையது, கட்டணம் கூடுதல். மேலே நிறுத்தினாலும் செங்குத்தாக இறங்கி, அந்த ஏற்றத்தையே திரும்ப ஏற வேண்டும். கடைசியில் படிகள் வேறு. லல்வொர்த் கோவ் என்ற விரிகுடாவிலிருந்து மலை மேலாகப் போகும் ஒரு மைல் பாதை இன்னும் கடினம். அம்மாவுக்காக லல்வொர்த் கோவ் மட்டும் பாருங்கள். கார் நிறுத்துமிடத்திலிருந்து தண்ணீர் விளிம்புவரை தார்ச்சாலைதான், வட்டமான விரிகுடாவை நின்ற இடத்திலிருந்தே பார்க்கலாம். கிம்மரிட்ஜ் விரிகுடா பற்றியும் யாராவது சொல்வார்கள். விரிகுடாவுக்கு இறங்கும் சாலை தனியாருடையது, காருக்குக் கட்டணம் உண்டு. இலவசம் என்று நம்பிப் போய் வாசலில் திகைக்காதீர்கள்.

வேமத்திலிருந்து போர்ட்லாந்து தீவு பக்கம்தான். அங்கே டவுட் குவாரி: கைவிட்ட கல்குவாரிக்குள் பாறையிலேயே செதுக்கிய சிற்பங்கள். முழுக்க இலவசம். வழிகாட்டிப் பலகைகள் குறைவு, அதனால் பிள்ளைகள் தாங்களே ஒவ்வொன்றாகக் கண்டுபிடிக்க வேண்டும். தலைகீழாக விழும் மனித உருவத்தைத் தேடச் சொல்லுங்கள், ஆன்டனி கார்ம்லி 1983-இல் செதுக்கியது. லண்டன் செயின்ட் பால் தேவாலயம் கட்டியது இந்தத் தீவின் கல்லால்தான். தரை முழுக்கக் கல்லும் மேடும், விளிம்புகளில் வேலி இல்லை. சின்னவரின் கையை விடவே வேண்டாம்.

செசில் கடற்கரை 29 கிலோமீட்டர். வெஸ்ட் பே பக்கம் பட்டாணி அளவாக இருக்கும் கல், போர்ட்லாந்துக்கு வர வர உருளைக்கிழங்கு அளவாகிவிடும். ஒரு கல்லைக்கூட வீட்டுக்கு எடுத்து வரக்கூடாது. சார்மத்தில் எடுக்கலாமே என்று பிள்ளைகள் கேட்பார்கள். அங்கே உதிர்ந்த ஃபாசிலை விட்டுவிட்டால் கடல் அரைத்துவிடும். இங்கே இந்தக் கல்மேடுதான் பின்னால் இருக்கும் ஊரைக் கடலிலிருந்து காக்கிறது. குளிக்க இறங்கவே கூடாது. கரை சட்டென்று ஆழமாகிறது, திரும்பும் அலை காலடிக் கற்களோடு சேர்த்து ஆளையும் இழுக்கும்.

வீடு திரும்பும் நாளில் ஏ31 சாலை வழியாக வந்தால் விம்போர்னுக்கு வடக்கே நோல்டனில் நிறுத்துங்கள். புதிய கற்காலத்து வட்ட மண்கரைக்கு நடுவில் 12-ஆம் நூற்றாண்டுத் தேவாலயத்தின் இடிபாடு. இலவசம். கிட்டத்தட்டச் சமதளப் புல்வெளி, அம்மா சுற்றி வரலாம். கழிப்பறையோ கடையோ கிடையாது.

கல்லும்கடலும்:

ஃபாசில் கெடுவது பற்றி: பெலெம்னைட்டுக்கு ஒன்றும் ஆகாது. பைரைட் அம்மோனைட்தான் பிரச்சினை. ஈரமும் காற்றும் பட்டால் பைரைட் சிதையும். வெள்ளையாகவோ மஞ்சளாகவோ மாவு பூக்கும், கந்தக வாடை வரும், கடைசியில் பொடியாகிவிடும். வீட்டுக்கு வந்ததும் சாதாரணக் குழாய்த் தண்ணீரில் சில நாள் ஊறப்போடுங்கள். உப்பு வெளியேற தினமும் தண்ணீரை மாற்றுங்கள். பழைய பல்துலக்கியால் மெதுவாகத் தேய்த்து, அறைச் சூட்டில் நன்றாக உலரவிட்டு, இறுக மூடும் டப்பாவில் போடுங்கள். செருப்புப் பெட்டியில் வரும் சிலிக்கா ஜெல் பொட்டலம் இரண்டைக் கூட வையுங்கள். குளியலறை ஜன்னலில் மட்டும் அடுக்க வேண்டாம்.

எலும்பு மாதிரி துளைத்துளையான கல் கிடைத்தால் கழுவாமல் சென்டரில் காட்டிவிட்டுப் போங்கள். அரியதாக இருந்தால் பதிவு செய்துகொள்வார்கள். கடற்கரைக்கு ரப்பர் பூட்ஸ், டிஷ்யூ, மூடியுள்ள சின்ன டப்பா போதும். ஒரு மாற்று உடையைக் காரிலேயே வையுங்கள். அந்தச் சேறு சீட்டில் பட்டால் சுலபத்தில் போகாது.